பலகை தொங்கியதா?

1750-இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்துக்குக் கைதிகளோடு சிறைக்காய்ச்சலும் வந்து சேர்ந்தது. நகர மேயரும் இரண்டு நீதிபதிகளும் அதில் மாண்டார்கள். நாடே பதறியது. ஆனால் சிறைக்குள் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஊருக்குச் சொல்ல ஆளில்லை.

சில ஆண்டுகளில் பூகம்பம் சிதைத்த லிஸ்பனுக்குக் கப்பலேறினார் ஜான் ஹோவர்ட் என்ற பணக்கார ஆங்கிலேயர். வழியில் பிரெஞ்சுத் தனியார் போர்க்கப்பல் ஒன்று அந்தக் கப்பலை மடக்கியது. பிரான்சின் பிரெஸ்ட் கோட்டையின் ஈரத் தரையில் அவர் பட்டினி கிடந்தார். பிறகு விடுதலையாகி ஊர் திரும்பி, தோட்டமும் வெப்பமானியுமாகக் காலம் தள்ளினார். 1773-இல் பெட்ஃபோர்ட்ஷயருக்கு ஷெரிஃப், அதாவது மாவட்டச் சிறைக்கும் பொறுப்பான அதிகாரி, ஆனார். அந்தப் பதவியில் இருந்தவர்கள் சிறைப் பக்கம் எட்டிப் பார்ப்பது அரிது. இவர் பார்த்தார்.

குற்றமற்றவர் என்று தீர்ப்பான பிறகும் சிலர் உள்ளேயே கிடந்தார்கள். காவலருக்குச் சம்பளம் கிடையாது. கைதிகள் கட்டும் கட்டணம்தான் வருமானம். கட்ட முடியாதவருக்கு வாசல் திறக்காது. காவலருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று ஹோவர்ட் கேட்டதற்கு, “வேறு எங்காவது அப்படி நடக்கிறதா?” என்று மடக்கினார்கள் மாவட்ட நீதிபதிகள். அதைத் தேடித்தான் குதிரையேறினார்.

போய்ப் பார்த்த அண்டை மாவட்டங்களில் அப்படி நடக்கவில்லை. கிடைத்தது வேறு: காற்றில்லாத நிலவறைகள், அழுகிய வைக்கோல், காய்ச்சல். உடையில் ஏறிய நாற்றத்தால் மூடிய வண்டியில் அவரால் உட்கார முடியவில்லை. குறிப்பேட்டைக்கூட நெருப்பில் காட்டித்தான் புரட்டினாராம். 1774-இல் நாடாளுமன்றம் அவரை அழைத்துக் கேட்டது. இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, விடுதலையானவர் கட்டணம் கட்ட வேண்டாம் என்றது. மற்றது, ஆண்டுக்கொரு தடவை சுவருக்குச் சுண்ணாம்பு, நோயாளிக்குத் தனி அறை, சிறைக்கு ஒரு மருத்துவர், கைதிகளின் உடல்நிலை பற்றி நீதிபதிகளிடம் அவர் தரவேண்டிய அறிக்கை என்று அடுக்கியது. எல்லாவற்றையும்விடச் சாமர்த்தியமான விதி ஒன்று உண்டு: இந்தச் சட்டத்தையே பெரிய எழுத்தில் பலகையில் எழுதி, எல்லோர் கண்ணிலும் படும்படி சிறையில் மாட்ட வேண்டும்!

பலகை மாட்டினார்களா? ஹோவர்ட் மீண்டும் புறப்பட்டார். சிறை சிறையாகப் பார்த்து, மருத்துவர் யார், நோயாளி அறை உண்டா, பலகை தொங்குகிறதா என்று எழுதிக்கொண்டார். பல இடங்களில் இல்லை. சட்டம் மதிக்கப்பட்டிருந்தால் அந்தக் குறிப்புகளுக்கு வேலையே இருந்திருக்காது. 1777-இல் அவை புத்தகமாயின. சிறையின் பெயரோடு குறையும் அச்சேறி, காசு கொடுத்தவர் கைக்கெல்லாம் போனது.

1790-இல் இன்றைய உக்ரைனின் கெர்சோனில் காய்ச்சல் கண்டு ஹோவர்ட் இறந்தார். 1835-இல் பிரிட்டிஷ் அரசே சிறை ஆய்வாளர்களை நியமித்தது. அவர்களின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டன. இன்று இங்கிலாந்துச் சிறைகளின் ஆய்வறிக்கையில் மருத்துவ வசதிக்கென்று தனிப் பகுதியே உண்டு. யாரும் அதை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.