ஓர் எழுத்தில் ஒளிந்த கொலைவாள்

"யூதரைக் கொல்!" வெறியன் எவனும் மேடையேறி முழக்கிய முழக்கமன்று இது. ஓர் ஊரின் பெயர்! ஸ்பெயின் நாட்டின் வடபகுதியிலே, பூர்கோஸ் மாவட்டத்திலே, ஏறத்தாழ ஐம்பது பேரே வாழும் சிற்றூர். காஸ்த்ரியோ மாத்தாஹூதியோஸ் என்று அதனை அழைத்தனர். 'மாத்தா' என்றால் கொல். 'ஹூதியோஸ்' என்றால் யூதர்.

அவ்வூருக்கு முதலில் பெயர் தந்தவர் யார்? அதே யூதர்! 1035-ஆம் ஆண்டில், அண்டையிலுள்ள காஸ்த்ரோஹெரீஸில் நடந்த படுகொலைக்குத் தப்பியவர்கள், இங்குள்ள மேட்டிலே குடியேறினர். அந்நாட்டு மொழியில் மேட்டுக்கு 'மோத்தா' என்று பெயர். எனவே ஊர், 'யூதர் மேடு' ஆயிற்று. அடைக்கலம் தந்த மேடு!

1492-இல், இசபெல்லா அரசியும் பெர்டினாண்டு மன்னரும் ஆணை பிறப்பித்தனர்: மதம் மாறு, இன்றேல் நாட்டைவிட்டு ஓடு! ஓடினர் பலர், மதம் மாறித் தங்கினர் பலர். மாறியவரையாவது வாழவிட்டனரா? இல்லை! மத விசாரணை மன்றம் அவர்களை நிழல்போல் தொடர்ந்தது.

1627-ஆம் ஆண்டு ஏட்டிலே, 'மோத்தா' மறைந்து 'மாத்தா' தலைகாட்டுகிறது. எழுதியவரின் கைப்பிழை என்பர் சிலர். மதம் மாறியோர், தம் புதுப் பற்றை மெய்ப்பிக்க அஞ்சி அஞ்சிச் சூட்டிய பெயர் என்பர் வேறு சிலர். பின்னது உண்மையாயின், எத்துணைக் கொடுமை! பாட்டனைக் கொல்லச் சொல்லும் பெயரைப் பேரனே ஊருக்குச் சூட்டும்படி செய்ததே அச்சம்!

2014 மே திங்களில் ஊரார் வாக்களித்தனர். மாற்றுக என்றோர் 29 பேர். வேண்டாம் என்றோர் 19 பேர். அந்தப் பத்தொன்பதின்மரும் கொலைவெறியர் என்று கருதவேண்டியதில்லை. பழகிய சொல், தன் பொருளை மறைத்துக்கொள்ளும். பழமையின் ஆபத்து அதுதான்! நஞ்சைக்கூட நாவுக்குப் பழக்கிவிடும்.

2015-இல் வட்டார அரசு ஒப்பியது. ஊர் மீண்டும் 'மோத்தா தே ஹூதியோஸ்' ஆயிற்று. வெறுப்பு அதனோடு மாண்டுவிட்டதா? 2021 டிசம்பரில், அவ்வூரின் பெயர்ப் பலகைகளிலே வெறியர் சிலர் யூதப் பகை மொழிகளைத் தீட்டினர்.

தோழர்களே! வகுப்பிலே மாணவன் ஓரெழுத்தைப் பிழைபட எழுதினால், உடனே திருத்துகிறோம். ஏறத்தாழ நானூறாண்டுப் பிழையை, ஐம்பது பேர் வாழும் சிற்றூர் திருத்திக் காட்டியது. முன்னோர் எழுதியதாயிற்றே என்று தயங்கியிருந்தால், கொலைவாள் இன்றும் அவ்வூர் வாயிலிலே தொங்கிக் கொண்டிருக்கும். பலகை திருந்திவிட்டது, இன்னும் திருந்த வேண்டியவை உள்ளங்கள்!