பெருந்தொற்றுக்குப் பின் இந்திய மருத்துவ மாணவர்களின் மன அழுத்தம்

கோவிட்-19 ஒரு சர்வதேசச் சுகாதார நெருக்கடி என்ற நிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. இந்தியாவில் 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களுக்கு அன்றைக்கு எதுவும் முடிந்துவிடவில்லை. கிருமி ஓய்ந்த பிறகும் தேர்வுத் தேதிகள் அவர்களை அலைக்கழித்துக்கொண்டிருந்தன.

மருத்துவக் கல்லூரிகளுக்கு மன அழுத்தம் புதிதல்ல. உலகெங்கும் மருத்துவ மாணவர்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ இருப்பதாக 2016-ல் ‘ஜாமா’ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. அவர்களில் சிகிச்சை நாடியவர்கள் 16 விழுக்காடுகூட இல்லை. கொரோனா வந்து இறங்கியது இந்தச் சுமையின் மேல்தான்.

2019 பேட்ச், திறன்சார் பாடத்திட்டத்தின் முதல் பேட்ச். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவர்கள் உடற்கூறியல் கூடத்தில் இருந்தார்கள். இடுக்கியால் பிரித்து, விரலால் தொட்டு அறிய வேண்டிய நரம்பையும் ரத்தக்குழாயையும் வீட்டில் உட்கார்ந்து கைப்பேசித் திரையில் பார்த்தார்கள். பின்னர் வந்த வார்டு போஸ்டிங்கும் அலைக்கு அலை தடைபட்டது. போதுமான நோயாளிகளைத் தொட்டுப் பார்க்காமலே வைவாவுக்குப் போய் நிற்க வேண்டுமே என்ற பயம் பலரையும் பிடித்தது. 2020 ஆகஸ்டில் பெருந்தொற்று மேலாண்மைக்கென்றே தனிப் பாடத்தொகுதி சேர்க்கப்பட்டது. அதைப் படிக்க நேரம் எங்கிருந்து வரும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

இறுதியாண்டிலும் அதே கதை. ‘நெக்ஸ்ட்’ என்ற புதிய தகுதித் தேர்வு இந்த பேட்சிலிருந்தே தொடங்கும் என்றார்கள். 2023 ஜூலை 28 அன்று மாதிரித் தேர்வு என்று நாளும் குறித்தார்கள். ஜூலை நடுவில் எல்லாம் ஒத்திவைக்கப்பட்டது.

முதுநிலைப் பட்டத்துக்குக் காத்திருந்தவர்கள் பட்டது இன்னும் அதிகம். அதுவரை வழக்கமாக ஜனவரியில் நடந்துவந்த முதுநிலை நுழைவுத் தேர்வான நீட் பி.ஜி. 2021-ல் ஏப்ரல் 18-க்குத் தள்ளிப்போய், அதுவும் ஒத்திவைக்கப்பட்டு, செப்டம்பர் 11 அன்றுதான் நடந்தது. இடஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு தொடங்க 2022 ஜனவரி 12 ஆகிவிட்டது. அதுவரை வார்டுகளில் முதலாண்டு பி.ஜி.க்களே இல்லை. ரத்த மாதிரி எடுப்பது, கேஸ் ஷீட் எழுதுவது, இரவு டியூட்டி என அவர்கள் பங்கு முழுவதும் சீனியர்கள் தலையில் விழுந்தது. 2021 டிசம்பரில் டெல்லியில் பயிற்சி மருத்துவர்கள் தெருவில் இறங்கியது இதனால்தான்.

சீனாவில் படித்தவர்கள் நிலை வேறு. இந்தியாவின் முதல் மூன்று கொரோனா நோயாளிகளும் வூகானிலிருந்து கேரளம் திரும்பிய மருத்துவ மாணவர்களே. சீனாவிலிருந்து ஊர் வந்தவர்களுக்கு மறுபடி விசா கிடைக்க 2022 ஆகஸ்ட் ஆனது. ஆன்லைனில் முடித்த பட்டம் செல்லுமா என்ற வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் தந்த அறிக்கை இந்த அழுத்தத்துக்கு எண் தருகிறது. இணையக் கணக்கெடுப்பில் பங்கேற்ற 25,590 இளநிலை மாணவர்களில் 27.8 விழுக்காட்டினர் தமக்கு மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்தார்கள். தாமாக முன்வந்து நிரப்பியவர்களின் கணக்கு என்பதால் நாடு முழுமைக்கும் இதை அப்படியே பொருத்த முடியாது. பயிற்சி மருத்துவர்களின் வேலை வாரத்துக்கு 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. 74 மணி நேரமே சலுகையாகத் தெரிகிறதென்றால் நடைமுறை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். விஷயம் வெளியே போய்விடுமோ என்ற அச்சத்தால் பலர் உதவி கேட்கத் தயங்குவதையும் அறிக்கை பதிவு செய்கிறது.