சம்பளமில்லாத ஜூனியர்

பழவேற்காடு ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை முடிவு செய்வது பாடு முறை. பட்டினவர் ஊர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட முறை அது. தலித்துகளும் இருளர்களும் அதற்கு வெளியேதான் நிறுத்தப்பட்டார்கள். இருளர்கள் இறாலைக் கையால் தடவிப் பிடித்தார்கள். ஏரி உரிமை என்று கேட்டால் கடைசியில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அங்கே நமக்காக நிற்க, சட்டம் படித்த நம் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறதா?

நீதிமன்றத்திலும் ஒரு பாடு முறை உண்டு. இங்கிலாந்தில் பாரிஸ்டராக விரும்பியவர், பயிற்சி தரும் சீனியருக்குத் தானே பணம் கட்டினார். இங்கே கட்டச் சொல்லவில்லை. ஆனால் ஜூனியருக்குச் சம்பளம் தரும் வழக்கமும் வரவில்லை. 'தொழில் கத்துக்கிறான்' என்பார்கள். படகில் கூலிக்குப் போகிறவருக்கே அன்றைய பிடிப்பில் பங்கு உண்டு. அப்பா வக்கீலாகவோ நிலக்காரராகவோ இருந்தால் சில ஆண்டுகள் சும்மா நிற்கலாம். நம் வீடுகளில்?

அம்பேத்கருக்கே இதுதான் நடந்தது. 1923இல் லண்டனிலிருந்து திரும்பியவரிடம் சனது வாங்கப் பணமில்லை. நண்பர் நவல் பதேனா உதவினார். தீண்டாமை பார்த்த சாலிசிட்டர்கள் வழக்குத் தரவில்லை. பிழைப்புக்காகப் பாட்லிபாய் கணக்கியல் நிறுவனத்தில் வணிகச் சட்டம் நடத்தினார்.

பதிவுக் கட்டணமும் ஒரு சுவர்தான். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், மற்றவர்களுக்கு 750. பார் கவுன்சில்கள் வாங்கியதோ 15,000 முதல் 42,000 வரை. 2024 ஜூலையில்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது.

அதே ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்கு மாத உதவித்தொகை தரச் சொன்னது. சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய். மற்ற ஊர்களில் 15,000. பொன்னேரியில் நிற்கும் நம் பிள்ளைக்கு 15,000 வர வேண்டும். அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் இதே தொகைகளைச் சொன்னது, ஆனால் பரிந்துரையாக. தராத சீனியரிடம் ஜூனியர் எப்படிக் கேட்பார்? நாளை வழக்கு தரப்போவதும் அவர்தானே.

வக்கீல் குமாஸ்தாவின் நிலை இன்னும் மோசம். கட்டுத் தூக்குவது, நகல் மனு போடுவது, வாய்தா தேதி குறிப்பது எல்லாம் அவர்தான். அவருக்கான காசு பெரும்பாலும் 'குமாஸ்தா ஃபீஸ்' என்று கட்சிக்காரரின் தலையில் விழுகிறது. வலையை அடகு வைத்து வழக்காட வந்தவரும் அதைக் கொடுத்தாக வேண்டும். 2024இன் அந்தத் தொகைகள் ஜூனியர் வக்கீல்களுக்கு மட்டும்தான்; குமாஸ்தாவுக்கு அல்ல.