ஒரே கட்டு, ஊருக்கு ஒரு ஆட்டம்

நம் குடியிருப்பில் நான்கு பேர் சீட்டாட உட்கார்ந்தால், கட்டைக் கலைத்துப் போடும் முன்பே ஒரு விவாதம் தொடங்கிவிடும். "முதல் ஸ்கூட்டுக்கு 20தான்" என்பார் ஒருவர். "இல்ல சார், எங்க ஊர்ல 25" என்பார் அடுத்தவர். ஏஸை ராஜாவுக்கு மேலே வைப்பதா, இரண்டுக்குக் கீழே வைப்பதா, இரண்டு பக்கமும் வைக்கலாமா என்று மூன்றாமவர் கேட்பார். விருத்தாசலம், நெய்வேலி, பெரம்பலூர், அரியலூர் என்று பல ஊர்க்காரர்கள் திட்டக்குடியில் ஒரே கூரையின் கீழ் இருக்கிறோம். அவரவர் வீட்டில் கற்ற விதி அவரவருக்கு. இதில் யார் சொல்வது சரி?

எல்லோர் சொல்வதும் சரிதான். சீட்டுக்கட்டின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் உங்களுக்கும் அது புரியும்.

பெயரில் இருக்கும் டச்சுக்காரர்

நம் ஊரை ஒட்டி ஓடும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அந்த ஊரின் பெயரே அங்கே வெள்ளைக்காரர்கள் வந்து தங்கிய கதையைச் சொல்கிறது. போர்ச்சுகீசியர் வந்தார்கள், அவர்களுக்குப் பின் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே செஞ்சி நாயக்கரிடம் அனுமதி பெற்று, கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தார்கள். 1690இல் ஆங்கிலேயர் அங்கிருந்த கோட்டையை மராத்தியரிடம் விலைக்கு வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். 1824 ஒப்பந்தத்தின்படி இந்தியாவில் மிச்சமிருந்த டச்சு இடங்களும் ஆங்கிலேயர் கைக்குப் போயின.

டச்சுக்காரர்கள் போய்விட்டார்கள். ஆனால் நம் சீட்டுக்கட்டில் இன்னும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் கிளப்ஸ் என்பதை நாம் ஏன் கிளாவர் என்கிறோம் என்று யோசித்திருக்கிறீர்களா? டச்சு மொழியில் அந்தச் சீட்டுக்குக் கிளாவர் என்றே பெயர். மூவிலைப் புல்லைக் குறிக்கும் சொல் அது. ஹார்ட்ஸை ஆர்ட்டின் என்கிறோமே, அதுவும் டச்சு 'ஹார்ட்டன்'தான். யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை டச்சுக்காரர்கள் ஆண்டார்கள். அங்கே நான்கு பெயர்களுமே டச்சு: கலாவரை, ஆடுத்தன், உருவித்தன், இஸ்கோப்பன். நம் பக்கம் ஆங்கிலேயர் நெடுங்காலம் இருந்ததால் டைமன் வந்து சேர்ந்தது. ஆக, நாம் கையில் பிடிக்கும் 13 சீட்டில் இரண்டு ஐரோப்பிய மொழிகள் கலந்து கிடக்கின்றன.

304இன் கணக்கு

சொல் மட்டும் வரவில்லை, ஆட்டமும் வந்தது. நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த 304ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு முதல் ஏஸ் வரை 32 சீட்டு. இதில் பெரியவர் ராஜா அல்ல, ஜாக்கி. அவருக்கு 30. அடுத்து ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டும் ஏழும் வெறும் சீட்டு. கூட்டினால் ஒரு பூவுக்கு 76, நான்கு பூவுக்கும் 304. ஆட்டத்தின் பெயரே கணக்கின் விடை.

ராஜாவை மூன்று புள்ளிக்கு இறக்கிவிட்டு ஜாக்கியையும் ஒன்பதையும் தலையில் வைப்பது எங்கிருந்து வந்தது? நெதர்லாந்தில் ஆடப்படும் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துருப்பு ஜாக்கிக்கு 20, துருப்பு ஒன்பதுக்கு 14. மற்ற எல்லாச் சீட்டும் இவற்றுக்குக் கீழேதான். ஐரோப்பாவில் இந்த வரிசை துருப்புக்கு மட்டும். நம் ஆட்கள் அதை நான்கு பூவுக்கும் பொதுவாக்கி, மதிப்பையும் மாற்றி, புது ஆட்டமே செய்துவிட்டார்கள்.

அதோடும் நிற்கவில்லை. பெரிய எண்களைக் கூட்டச் சலிப்பாக இருந்ததோ என்னவோ, ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று என்று சுருக்கினால் 28 ஆட்டம். அதையே இரண்டு கட்டு வைத்து ஆடினால் கேரளத்தில் பெயர்பெற்ற 56. எல்லாம் ஒரே குடும்பம். எந்த அரசும் எந்தச் சங்கமும் விதி எழுதித் தரவில்லை. திண்ணையில் உட்கார்ந்தவர்கள் பேசி முடிவு செய்தார்கள், அவ்வளவுதான்.

வட்டச் சீட்டின் காலம்

ஐரோப்பியக் கட்டு பரவுவதற்கு முன்பே இந்தியாவில் சீட்டு இருந்தது. பாபர் 1527இல் சிந்து நாட்டு நண்பர் ஒருவருக்குக் கஞ்சிபாச் சீட்டு அனுப்பியதைத் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கஞ்சிபா பெரும்பாலும் வட்டமாக, கையால் வண்ணம் தீட்டிச் செய்த சீட்டு. எட்டு வகை, வகைக்கு 12, ஆக 96 சீட்டு. பின்னால் வந்த தசாவதாரக் கட்டில் பத்து அவதாரங்களுக்கு 120. மைசூரின் மும்முடி கிருஷ்ணராஜ உடையார் 19ஆம் நூற்றாண்டில் முன்னூறுக்கும் மேல் சீட்டு கொண்ட கட்டுகளையே வடிவமைத்தார்.

கஞ்சிபாவில் பாதி வகைகளில் பத்து பெரிது, ஒன்று சிறிது. மீதிப் பாதியில் தலைகீழ். தசாவதாரக் கட்டில் பகலில் ஆடினால் ராமர் சீட்டு வைத்திருப்பவர் தொடங்குவார், இரவில் ஆடினால் கிருஷ்ணர் சீட்டு வைத்திருப்பவர். பொழுது சாய்ந்தால் விதியே மாறும்! அவர்கள் முன்னால் நம் 20, 25 விவாதம் எம்மாத்திரம்?

ரம்மியும் நீதிமன்றமும்

இன்று நம்மில் பெரும்பாலோர் ஆடுவது ரம்மி. அமெரிக்காவில் பெயர்பெற்ற ஜின் ரம்மிக்குப் பத்து சீட்டு. நமக்குப் பதின்மூன்று, இரண்டு கட்டு, வெட்டு ஜோக்கர். அதிலும் 101 ஆட்டத்தில் முதல் ஸ்கூட்டுக்கு 20, நடுவில் போனால் 40. 201 ஆட்டத்தில் அதுவே 25, 50. மேலே சொன்ன இருவர் சண்டைக்கும் காரணம் இதுதான். இரண்டு பேரும் வேறு வேறு ஆட்டத்தின் விதியைச் சொல்கிறார்கள்.

ஆடும் விதத்தில் இருக்கும் வேறுபாடு நீதிமன்றம்வரை போயிருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967இல் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடிப்பது, எதைப் போடுவது என்று யோசிக்க வேண்டும் என்பது காரணம். மூன்று சீட்டு அப்படியல்ல, அது முழுக்க அதிர்ஷ்டம் என்றும் சொன்னது. ஆனால் ஆட்டத்தை நடத்துபவர் பந்தயப் பணத்திலிருந்து லாபம் பார்த்தால் அது குற்றமாகலாம் என்றும் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை பலருக்கு மறந்துபோனது.

கைப்பேசிக்குள் போன கட்டு

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ரம்மி கைப்பேசிக்குள் போனது. பணத்தை இழந்து தமிழ்நாட்டில் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 2021இல் வந்த தடைச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பின் 2022இல் சட்டமன்றம் புது மசோதா நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2023இல் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றிய பின்பே அது சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மிக்கு அந்தத் தடை பொருந்தாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு எதுவானாலும் கூடாது என்று சட்டம் இயற்றியது.

சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்று கேட்டது. நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: எதிரில் யார் உட்கார்ந்திருக்கிறார்? திண்ணை ஆட்டத்தில் விதியை நீங்களும் பேசி முடிவு செய்கிறீர்கள். எதிரில் இருப்பவரின் முகம் தெரியும். ஒருவர் தொடர்ந்து தோற்றால் "போதும்ப்பா, காப்பி குடிக்கலாம்" என்று சொல்ல ஒரு ஆள் இருப்பார். கைப்பேசியில் விதி ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, எதிரில் இருப்பவர் பெயர் தெரியாதவர், இரவு இரண்டு மணிக்குப் போதும் என்று சொல்ல யாரும் இல்லை. ஆட்டத்திலிருந்து பேச்சைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது பணம் மட்டுமே.

அதனால் நம் பொது ஹாலில் சீட்டு ஆடலாமா என்று சங்கக் கூட்டத்தில் கேள்வி வரும்போது, "சீட்டா, வேண்டவே வேண்டாம்" என்று உடனே கையைத் தூக்கிவிடாதீர்கள். பணம் வேண்டாம் என்பதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் மேசை வேண்டும். பிள்ளைகளுக்குக் கழுதை ஆட்டம், நினைவாற்றல் உள்ளவர்களுக்கு லிட்ரேச்சர், பெரியவர்களுக்கு 304, மற்றவர்களுக்கு ரம்மி என்று எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. 304 தெரிந்தவர்கள் நம் மூன்று பிளாக்கிலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் இன்றே கற்றுக்கொள்ளுங்கள், அது எந்தச் செயலியிலும் அவர்கள் ஆடுகிற மாதிரி கிடைக்காது.

உட்காரும் முன் ஒரு தாளில் அன்றைய விதியை எழுதுங்கள்: ஸ்கூட் எவ்வளவு, ஏஸ் எங்கே, எத்தனை மணிக்கு முடிப்பது. ஒரு வாரம் பெரம்பலூர் விதி, அடுத்த வாரம் நெய்வேலி விதி. யார் ஊர் விதி சரி என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. நானூறு ஆண்டாக அந்தச் சண்டையில்தான் புதுப்புது ஆட்டங்கள் பிறந்திருக்கின்றன.