விண்மீன்களைத் துரத்திய விளக்குகள்

மன்னார்புரம் சாலைச் சந்திப்பில் நின்று இரவு வானை நோக்கும் நமக்குத் தென்படுபவை விரல்விட்டு எண்ணத்தக்க விண்மீன்களே. நகர விளக்குகள் வானை மறைப்பது இன்று தொடங்கிய கதையன்று. திருச்சபையின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு.

1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வத்திக்கான் வானாய்வுக்கூடத்தைப் புதிதாய் நிறுவினார். உரோமை நகரின் மின்னொளி பெருகவே, 1930-களில் அது காஸ்தல் கந்தோல்போவுக்குப் பெயர்ந்தது. அங்கும் ஒளி துரத்தி வந்தது. 1981-இல் இயேசு சபை வானியலார் அமெரிக்காவின் அரிசோனாவில் இரண்டாம் மையம் அமைத்தனர். 1993-இல் அங்குள்ள கிரகாம் மலைமீது அவர்களது தொலைநோக்கி எழுந்தது. நம் தமிழகத்திலும், 1960-களில் வானியலறிஞர் வைணு பாப்பு நகரங்களுக்கு அப்பால் ஜவ்வாது மலையின் காவலூரையே ஆய்வுக்குத் தேர்ந்தார்.

அறிஞர் இடம் பெயரலாம். ஊரார் எங்கே பெயர்வர்?

தெருவிளக்கை மூடியிட்டுத் தரைநோக்கித் திருப்பலாம். டிஜிட்டல் விளம்பரப் பலகையோ கண்ணைக் கவர்வதற்கென்றே பக்கவாட்டில் ஒளி வீசுகிறது. அவ்வொளியிலுள்ள நீலம் காற்றில் மிகுதியாகச் சிதறி வானை வெளிறச் செய்கிறது. பிரேசிலின் சாவோ பவுலோ நகரம் 2007 முதல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே தடை செய்தது. அத்துணை தூரம் செல்லாவிடினும், நள்ளிரவுக்குப்பின் அவற்றை அணைக்குமாறு மாநகராட்சியிடம் நாம் கேட்கலாமன்றோ?

ஆற்றில் கலந்த கழிவு நீங்க ஆண்டுகள் ஆகும். ஒளிமாசோ விளக்கணைந்த கணமே நீங்கும். ஞானிகளுக்கு வழிகாட்டிய விண்மீனைப்பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். விண்மீன்களைக் காட்டவும் கடமைப்பட்டுள்ளோம்.