குடியிருக்க ஊர் தேடுகிறவர்களுக்கு: தண்ணீர், பள்ளிக்கூடம், அயல்

 

பெருநாள் லீவுக்குப் புத்தளத்திலிருந்து வந்த இளம் குடும்பங்கள் சில ஒரே கேள்வியைத்தான் கேட்டன. பிள்ளைகளை எங்கே வைத்து வளர்ப்பது? புத்தளத்திலேயே இருப்பதா, யாழ்ப்பாண ரவுணுக்கு வருவதா, மண்கும்பான் பக்கம் ஒரு துண்டுக் காணி பார்ப்பதா? முடிவு அவரவர் வீட்டில் எடுக்க வேண்டியது. நம் முன்னோர் ஊர் தேடிய கதையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

யாழ்ப்பாணச் சோனகர் எடுத்த எடுப்பில் சோனகதெருவில் வந்து குடியேறவில்லை. முதலில் உசன், பிறகு நல்லூர், அங்கே ஏற்பட்ட பிணக்குக்குப் பிறகு நாவாந்துறைப் பக்கம் என்பது மரபாகச் சொல்லப்படும் வரலாறு. நல்லூரை விட்ட கதையில் கிணறு அசுத்தமாக்கப்பட்டதுதான் முக்கியமான சம்பவம். நடந்தது எப்படியோ, சொல்ல வந்த விஷயம் தெளிவு: கிணறு போனால் குடியிருப்பும் போகும்.

தீவுப்பகுதிக்கு இது இன்னும் பொருந்தும். எங்களுக்கு ஆறும் இல்லை, பெரிய குளமும் இல்லை. மண்கும்பான், அல்லைப்பிட்டி, சாட்டிப் பக்கத்து மணல்தான் எங்கள் தண்ணீர்த் தாங்கி. மாரி மழை மணலுக்குள் இறங்கி, பாரமான உப்புநீருக்கு மேலே நன்னீராக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானக் கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் கீழே 40 அடி போய்விடும். மணலை லொறியில் ஏற்றி அனுப்புகிறவர்கள் எங்கள் பிள்ளைகளின் கிணற்றையும் சேர்த்தே ஏற்றுகிறார்கள். கற்பிட்டியில் இருக்கும் நம் சனத்துக்கும் இது தெரியும். அங்கேயும் மணலும் அதற்குள் ஒரு படை நன்னீரும்தான். அங்கே தோட்டத்துக்குப் போடும் உரம் அந்தத் தண்ணீருக்குள் இறங்குகிறது.

இரண்டாவது பள்ளிக்கூடம். கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள் ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரியில் படித்துத்தான் உலகம் அறிந்த தமிழறிஞர் ஆனார். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் வைத்தீஸ்வராவிலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் முஸ்லிம் அவர். பிறகு கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். ஒரு சோனகப் பிள்ளையை ஆளாக்கியதில் அயலவரின் பள்ளிக்கூடங்களுக்கும் பங்கு உண்டு. உஸ்மானியாவும் கதீஜாவும் அதற்குப் பிறகு வந்தவை.

மூன்றாவது அயல். இது வாய்த்தாலும் நிலைக்கும் என்று உறுதி இல்லை என்பதை 1990 எங்களுக்குக் காட்டியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இராணுவம் தீவுக்குள் வந்தது. மண்டைதீவு, அல்லைப்பிட்டி, மண்கும்பான் பகுதிகளில் பிடிபட்ட தமிழ் இளைஞர்கள் பலர் திரும்பவே இல்லை. சனம் பண்ணைக்கு அந்தப் பக்கம் ஓடியது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு விடுதலைப் புலிகள் கொடுத்தது இரண்டு மணி நேரம். அந்த ஒக்டோபரில் வடக்கு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துத் தமிழ்ச் சனமும் மூட்டை முடிச்சோடு தென்மராட்சிப் பக்கம் நடந்தது. இரண்டு சமூகத்துக்கும் ஒரே திகதி. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் அமைதியாகிவிடுகிறார்கள்.

2002இலும், 2009க்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினோம். எல்லோரும் அல்ல. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் தொடங்கியவர்கள் இன்று கல்வீடு கட்டி, அங்கேயே சம்பந்தம் செய்து, பேரப்பிள்ளை கண்டுவிட்டார்கள். உம்மாவுக்கு ஊர் என்றால் யாழ்ப்பாணம். மகளுக்கு ஊர் என்றால் தில்லையடி. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். வராதவர்களை ஊரை மறந்தவர்கள் என்று பேசுவதை முதலில் நிறுத்துவோம். அதுபோல, வந்தவர்களைப் பார்த்து "அங்கே என்ன இருக்கிறது" என்று கேட்பதையும் விடுவோம்.

ஆனால் காணி பார்க்க வருகிறவர்கள் மாரியில் வந்து பச்சையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஆவணியில் வாருங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். கிட்டிய பள்ளிக்கூடத்தில் தரம் ஒன்றில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து வந்தால் அந்த எண்ணிக்கை மாறும், தனியே வந்தால் உங்கள் பிள்ளை தனியே இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு ஒரு தேத்தண்ணி குடித்துக் கதையுங்கள். உறுதியில் கையெழுத்து வைப்பது அதற்குப் பிறகு.

ஏற்கெனவே இங்கே இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மணல் லொறியைக் கண்டால் கண்டும் காணாமல் போகாதீர்கள். நாளைக்கு யாராவது திரும்பி வர விரும்பினால் தண்ணீர் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏன் அந்த இடத்தில் குடியேறினார்கள் என்று தெரிந்தால் கீழே எழுதுங்கள். என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவேன்.