விளிக்கும் விடைக்கும் இடையே



கார்த்திகைத் திங்களில் 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் தீபம், கீழ்பென்னாத்தூர் முதலிய சுற்றூர்களுக்கெல்லாம் தெரியும். கண்டவர் கைகூப்புவர். ஆயினும், எந்தெந்த ஊரில் கண்டனர் என்னும் செய்தி மலைக்குத் திரும்புவதில்லை. தீபத்திற்கு அது வேண்டுவதும் இல்லை. செய்தி அனுப்புவோர்க்கோ அது இன்றியமையாதது. அனுப்பியது சேர்ந்ததா? சேர எவ்வளவு நேரமாயிற்று? இவ்விரு வினாக்களின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

முதலில் சென்னைக்குச் செல்வோம். 1870களில் இந்திய நில அளவைத் துறையினர், சென்னை, பெங்களூர் முதலிய நகரங்களின் தீர்க்கரேகை வேறுபாட்டைத் தந்தியின் துணைகொண்டு அளந்தனர். இரு நகரங்களின் உள்ளூர் நேரங்களை ஒப்பிட்டால் அவ்வேறுபாடு கிடைக்கும். ஆனால், கம்பியில் ஓடும் குறிக்கும் சிறிது தாமதம் உண்டன்றோ? அதனை நீக்க, குறியைக் கிழக்கிலிருந்து மேற்கேயும், மேற்கிலிருந்து கிழக்கேயும் மாறிமாறி அனுப்பினர். இரு அளவுகளின் சராசரியில் தாமதம் மறைந்தது. அவற்றின் வேறுபாட்டில் பாதி, தாமதத்தின் அளவாயிற்று. போக்கும் வரவும் கூடினாலன்றி வழியின் இயல்பு விளங்காது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

முதல் உலகப் போரின்போது, பிரெஞ்சு விஞ்ஞானி போல் லாஞ்செவன் முதலியோர் கடலுக்குள் ஒலியைச் செலுத்தி, அதன் எதிரொலியால் நீர்மூழ்கிகளைக் கண்டறிய முயன்றனர். அம்முயற்சியின் வழிவந்ததே சோனார். இம்முறையே பின்னர்க் கணினி உலகிற்கும் வழிகாட்டியது.

கணினிகள் வலையாய் இணைந்தபோது, எதிரொலி கேட்கும் செய்தி வந்தால் அதனை அப்படியே திருப்பி அனுப்புக என்னும் விதி 1981இல் வகுக்கப்பட்டது. 1983 டிசம்பரில், அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடமொன்றிற் பணியாற்றிய மைக் மூஸ், வலையில் நேர்ந்த கோளாறொன்றை ஆராயும் பொருட்டு, இவ்விதியைப் பயன்படுத்தி ஒரு சிறு நிரலை ஒரே மாலையில் எழுதினார். சோனாரின் ஓசையை நினைந்து அதற்குப் ‘பிங்’ என்று பெயரிட்டார். 2000ஆம் ஆண்டில் அவர் சாலை விபத்தொன்றில் மறைந்தார்; அவர் தந்த கருவி இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

அக்கருவி கூறும் எண்ணிற்குப் பொருள் உண்டு. 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே இட்ட கடற்கம்பியின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே, போய்த் திரும்ப 32 மில்லி விநாடியேனும் ஆகும். 35,786 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள் வழியாயின், ஏறக்குறைய அரை விநாடி ஆகும். இயற்கை விதித்த இந்த அளவினும் மிகுந்த தாமதம், நெரிசலையோ சுற்றுவழியையோ காட்டும். நூறு விளிகளுள் பத்திற்கு விடையில்லையெனில், வழியில் எங்கோ பழுது இருக்கலாம்.

விண்ணப்பத்தின் கடைசி நாளில் கீழ்பென்னாத்தூர் மாணவன் ஒருவனுக்குப் பக்கம் திறக்கவில்லை என வைத்துக்கொள்வோம். பழுது வீட்டுக் கருவியிலா, இணைப்பு வழங்குவோரிடத்திலா, தொலைவிலுள்ள கணினியிலா? அருகிலுள்ளதை முதலில் விளித்து, படிப்படியாய்த் தொலைவிலுள்ளதை விளித்தால், விடை எங்கே நிற்கின்றது என்பது புலப்படும். உடைமையை நெடுங்காலம் காப்போர் இச்சோதனையை நாள்தோறும் செய்து, எண்களைக் குறித்து வைப்பர். நேற்றைய எண் தெரிந்தவருக்கே இன்றைய எண்ணின் மாற்றம் தெரியும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. காவல் கருதிச் சில கணினிகள் பிங்கிற்கு வேண்டுமென்றே விடை தருவதில்லை. விடை தரும் கணினியிலும் நாம் நாடும் பணி நின்றிருக்கலாம். விடை வந்தால் வழி திறந்திருக்கின்றது என்றே பொருள். வராவிடில், இன்னும் ஆராய வேண்டும் என்றே பொருள். மௌனத்தை மரணமென்று முடிவு கட்டாத பொறுமையே அளப்போர்க்கு அழகு.